மலிவு யாருடைய மிச்சம்?

நான் ஒரு பொறியியல் மாணவன். முதல் ஆண்டுகளை நம் நாட்டில் படித்துவிட்டு, மீதியை முடிக்க மெல்பர்ன் வந்திருக்கிறேன். அடுத்த ஆண்டு இங்கே வரப்போகும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றி இல்லை. “அண்ணா, சாப்பாட்டுக்கு மாசம் எவ்வளவு ஆகும்?” என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஓர் ஆஸ்திரேலிய டாலர் மூன்று வெள்ளிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இங்கே பத்து டாலருக்கு ஒரு தட்டு சோறு கிடைப்பதே சிரமம். நம்ம ஊரில் அந்தக் காசுக்கு ஒரு குடும்பமே பசியாறிவிடும். இ.பி.எஃப். பணத்தை எடுத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் நம்மில் நிறைய பேர் இருக்கிறார்கள்.

என் பதில் எப்பவும் ஒன்றுதான். சமைக்கக் கத்துக்கிட்டு வாங்க, சாமானை ஆசியக் கடையில வாங்குங்க. அதிலேயே பாதிச் செலவு குறையும்.

ஆனால் இந்தப் பதிலோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பொருள் ஒரு கடையில் பத்து டாலர், இன்னொரு கடையில் ஆறு டாலர் என்றால், நடுவில் உள்ள நாலு டாலர் எங்கே போனது? அது என் சாமர்த்தியமா, கடைக்காரரின் திறமையா, இல்லை வேறு யாராவது எனக்காகக் கட்டிய காசா? சிக்கனம் நல்ல குணம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எந்தச் சிக்கனம் நல்ல குணம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் வாங்க.

முதலில் கணக்கு

நான் இருக்கும் கிளேய்ட்டன் வட்டாரத்தில் இந்தியக் கடை, சீனக் கடை, கொரியக் கடை எல்லாம் நடந்து போகிற தூரத்தில் உண்டு. அங்கிருந்து ரயிலில் இரண்டாவது நிலையம் ஸ்பிரிங்வேல். வியட்நாம், கம்போடியக் கடைகள் நிறைந்த இடம். அதே தடத்தில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் டண்டினோங். அங்கே ஃபாஸ்டர் ஸ்ட்ரீட்டில் ஒரு ‘லிட்டில் இந்தியா’வே இருக்கிறது.

எதில் மிச்சம்? முக்கியமாக மசாலா, பருப்பு, அரிசி, கீரை. பெரிய பேரங்காடியில் சீரகம் முப்பது கிராம் கண்ணாடிப் புட்டியில் இருக்கும். விலை இரண்டு, மூன்று டாலர். இந்தியக் கடையில் அதே காசுக்கு, அல்லது ஒரு டாலர் சேர்த்தால், இருநூறு கிராம் பொட்டலம் கிடைக்கும். கிராம் கணக்கில் பார்த்தால் நாலு மடங்குக்கு மேல் வித்தியாசம். அரிசியை ஒரு கிலோ பையாக வாங்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டுக்குப் பத்துக் கிலோ மூட்டைதான் சரி. மல்லித்தழை, கங்கோங், தோஃபு எல்லாம் ஆசியக் கடையில்தான் மலிவு, புதுசாகவும் இருக்கும்.

அதுக்காக எல்லாமே அங்கே மலிவு என்று நினைக்க வேண்டாம். பால், ரொட்டி, ஓட்ஸ், பாஸ்தா போன்றவற்றை கோல்ஸ், வூல்வொர்த்ஸ், ஆல்டி கடைகளில் அவர்களுடைய சொந்த முத்திரையில் வாங்குவதுதான் பெரும்பாலும் லாபம். பாபாஸ் மசாலாவும் மேகி கறியும் ஆசியக் கடையில் கிடைக்கும். ஆனால் ஊர் விலையை மனசில் வைத்துக்கொண்டு கை வைக்காதீர்கள், அது கப்பலில் வந்த பொருள்.

இன்னொன்று. இங்கே 2009-ல் வந்த விதிப்படி, பெரிய பேரங்காடிகள் விலைச் சீட்டில் நூறு கிராமுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு என்று அலகு விலையும் போட வேண்டும். சின்னக் கடைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நாம்தான் வகுத்துப் பார்க்கணும். கைப்பேசி இருக்கிறதே, பத்து வினாடி வேலை.

நல்ல மலிவு

மலிவுக்குக் காரணம் என்ன? பொறியியல் மாணவனுக்குப் பழகிப்போன ஒரு கணக்கு உண்டு. ஓர் இயந்திரத்துக்குள் போன ஆற்றல் காணாமல் போகாது. ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் தேடணும். வேலையாக மாறியது கொஞ்சம், உராய்வில் சூடாகப் போனது கொஞ்சம். கடை விலையையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

சீரகப் புட்டியின் விலையில் சீரகத்தின் பங்கு குறைவு. கண்ணாடி, மூடி, அச்சிட்ட லேபல், விளம்பரம், அலமாரியில் மாதக்கணக்கில் விற்காமல் நிற்பது என்று எல்லாமே அதில் சேர்ந்திருக்கும். இந்தியக் கடையில் சீரகம் பிளாஸ்டிக் பையில் இருக்கும். வாராவாரம் விற்றுத் தீரும். வளைந்த கத்தரிக்காயையும் கொஞ்சம் சின்னதாக இருக்கும் மாங்காயையும் அங்கே யாரும் ஒதுக்கித் தள்ளுவதில்லை. விளக்கு அலங்காரம் இல்லை, தொலைக்காட்சி விளம்பரம் இல்லை. இதெல்லாம் உராய்வைக் குறைத்துப் பெற்ற மிச்சம். இதில் யாருடைய வயிற்றிலும் யாரும் அடிக்கவில்லை. வீணாகப் போகவேண்டியது வீணாகவில்லை, அவ்வளவுதான். இந்த மிச்சத்தை மனசாரப் பெற்றுக்கொள்ளலாம்.

இந்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறும் இருக்கிறது. 1970-ல் ஸ்பிரிங்வேலில் எண்டர்பிரைஸ் என்ற பெயரில் குடியேறிகளுக்கான விடுதி ஒன்று திறக்கப்பட்டது. 1975-ல் வியட்நாம் போர் முடிந்த பிறகு அங்கிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்த அகதிகள் பலர் முதலில் தங்கியது அங்கேதான். 1992-ல் விடுதி மூடப்பட்டது. ஆனால் அதிலிருந்து வெளியே வந்தவர்கள் பலர் பக்கத்திலேயே வீடு பிடித்தார்கள், கடை போட்டார்கள். தங்களுக்கு வேண்டிய கீரையையும் மீன் சாஸையும் தாங்களே தருவித்து விற்றார்கள். இன்று நான் ஒன்றரை டாலருக்கு மல்லித்தழை வாங்குகிறேன் என்றால், அதற்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளும் இப்படி ஓர் ஊருக்கு வந்து இறங்கியவர்கள்தானே.

இன்னொரு வகை மலிவு

எல்லா மிச்சமும் உராய்விலிருந்து வருவதில்லை. சில இடங்களில் அது இன்னொருவர் பங்கிலிருந்து வருகிறது.

ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலை 1-ல் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 24.95 டாலர் ஆனது. நிரந்தரமில்லாத வேலை என்றால் அதோடு 25 விழுக்காடு சேர்த்துத் தரணும்; 31 டாலருக்கு மேல் வரும். இது பெரியவர்களுக்கான கணக்கு. மாணவர் விசாவில் வந்தவருக்கும் இதே உரிமைதான். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது மட்டும் நமக்கு உள்ள கட்டுப்பாடு.

சட்டம் அப்படி. நடப்பு? சிட்னி பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சட்டத்துறை ஆய்வாளர்கள் இருவர் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தற்காலிக விசாவில் வேலை செய்த 4,322 பேரிடம் கேட்டதில், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மணிக்கு 12 டாலரோ அதற்கும் குறைவாகவோதான் வாங்கியிருந்தார். சாப்பாட்டுக் கடை, தோட்ட வேலை, சில்லறைக் கடை என்று பல துறைகளில் இது இருந்தது. ஆசியக் கடைகள் மட்டும் இப்படி என்று சொல்லிவிடக் கூடாது, அது அநியாயம். ஒழுங்காகச் சம்பளம் தரும் ஆசியக் கடைகளை நானே பார்க்கிறேன். ஆனால் ‘நம்ம ஆளு, நம்ம கடை’ என்ற நம்பிக்கையின் பின்னால் இது ஒளிந்துகொள்வது சுலபம்.

ஈப்போவிலிருந்து முதுகலை படிக்க வந்த அக்கா ஒருவர் இங்கே ஒரு கடையில் பகுதி நேரமாக வேலை செய்தார். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்.

“மணிக்குப் பதினாலு வெள்ளி தராங்க தம்பி, கையில.”

டாலரையும் நாங்கள் பழக்கத்தில் வெள்ளி என்றுதான் சொல்வோம்.

“சட்டப்படி முப்பதுக்கு மேல வரணுமே அக்கா?”

“தெரியும்பா. கேட்டா அடுத்த வாரம் என் பேரு லிஸ்ட்டுல இருக்காது. ஆனா அவரு நல்லவர்தான். ராத்திரி மிஞ்சின காய்கறியெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போம்மான்னு சொல்லுவாரு.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு ரொம்ப நாள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொடுத்த காய்கறி பொய்யில்லை. அன்பும் பொய்யாக இருக்காது. ஆனால் மணிக்குப் பதினேழு டாலரை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு பை கத்தரிக்காயைத் தருவதற்குப் பெயர் என்ன? கூலி என்பது கொடுக்க வேண்டியது. தானம் என்பது விரும்பினால் கொடுப்பது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விரும்பியதைக் கொடுத்தால், வாங்கும் ஆளுக்கு நன்றி சொல்லும் கடமை வேறு வந்து சேர்கிறது. தனக்கு உரியதைக் கேட்க வாய் வராமல் போகிறது. அக்காவுக்கு நடந்தது அதுதான்.

திருக்குறளில் கள்ளாமைக்கு ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. அங்கே வள்ளுவர் பூட்டை உடைப்பவனை மட்டும் பேசவில்லை. பிறர் பொருளை வஞ்சித்து எடுக்கலாம் என்று மனசால் நினைப்பதையே குற்றம் என்கிறார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மலிவு விலையை வாங்கிக்கொண்டு வெளியே வரும் நான் எங்கே நிற்கிறேன்?

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வாரம் இருபது மணி நேரம் என்றால் அக்கா இழப்பது 340 டாலருக்கு மேல். என்னைப் போல ஒரு மாணவர் அப்படிப்பட்ட கடையில் வாரம் மிச்சம் பிடிப்பது பதினைந்து, இருபது டாலர். இருபது மாணவர்கள் வந்தால் அவருடைய இழப்பை நாங்கள் ஆளுக்குப் பதினேழு டாலராகப் பங்கு போட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. உண்மையில் கணக்கு அவ்வளவு நேர்க்கோட்டில் போகாது, முதலாளியின் பையிலும் ஒரு பங்கு நிற்கும். ஆனாலும் நம் பங்கு பூஜ்யம் என்று சொல்ல முடியாது.

எதிர்க் கேள்விகள்

இதை வீட்டு நண்பர்களிடம் சொன்னபோது நல்ல வாக்குவாதம் நடந்தது. அவர்கள் கேட்டவை எல்லாம் நியாயமான கேள்விகள். மழுப்பாமல் எடுத்துக்கொள்வோம்.

ஒன்று: “நானே கஷ்டப்பட்டுப் படிக்கிறவன். இதெல்லாம் பணக்காரங்க பார்க்க வேண்டிய விஷயம்.” இதில் உண்மை இருக்கிறது. பட்டினி கிடந்து மனசாட்சியைக் காப்பாற்று என்று யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. கடமை அவரவர் சக்திக்கு ஏற்ப. ஆனால் அந்த அக்காவும் நம்மைப் போல ஒரு மாணவிதான். என் கஷ்டம், அவருடைய பங்கில் கை வைக்க எனக்கு உரிமை தராது. என் கடமை சின்னதாக இருக்கலாம், ஆனால் கொஞ்சமாவது இருக்கிறது.

இரண்டு: “நாம வாங்காம விட்டா அந்தக் கடையே படுத்துடும். அக்காவுக்குப் பதினாலும் போயிடும்.” இதுவும் சரிதான். அதனால்தான் ‘புறக்கணிப்போம்’ என்று கிளம்புவது முதல் வேலையாக இருக்க முடியாது. யாருக்காகக் கோபப்படுகிறோமோ அவரிடமே முதலில் கேட்க வேண்டும்: உங்களுக்கு என்ன செய்தால் உதவியாக இருக்கும்?

மூன்று: “அப்போ பெரிய பேரங்காடி மட்டும் யோக்கியமா?” இல்லை. ஆஸ்திரேலியப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, நாட்டின் பேரங்காடி விற்பனையில் சுமார் 67 விழுக்காடு கோல்ஸ், வூல்வொர்த்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. காய்கறி விளைவிப்பவர்கள் அவர்களோடு சமமாகப் பேரம் பேச முடியாத நிலையையும் அது எடுத்துச் சொல்கிறது. ஆகவே கூடுதல் விலை கொடுத்துவிட்டால் புண்ணியம் என்று எண்ண வேண்டாம். விலை கூடுதல் என்பதாலேயே அது நியாயம் ஆகிவிடாது. மலிவு என்பதாலேயே பாவமும் ஆகாது. விலைச் சீட்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நாலாவதுதான் கஷ்டமான கேள்வி: “அப்போ எனக்கு எப்படித் தெரியும்?” ஆள்கிட்டதான் கேட்கணும். நம் சமூகத்துக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அந்தக் கடைகளில் கல்லாவில் நிற்பது பெரும்பாலும் நம் வயசு மாணவர்கள். நம் வகுப்பில் இருப்பவர், நம் வீட்டில் தங்கியிருப்பவர். முதலாளியிடம் போய் விசாரணை நடத்த வேண்டாம். “சம்பளச் சீட்டு தராங்களா?” என்று நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பாதி விஷயம் தெரிந்துவிடும்.

என்ன செய்யலாம்

முதலில், நாமே அப்படிப்பட்ட வேலையில் சேருமுன் யோசிக்க வேண்டும். பதினாலு டாலருக்கு ஒருவர் சம்மதித்தால், அடுத்தவருக்கும் அதுதான் விலை என்று ஆகிவிடுகிறது. வேறு வழியே இல்லாமல் சேர்ந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வழி இருப்பவர்கள் மறுக்கலாம். வேலை செய்த நேரத்தை எப்படியானாலும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இங்கே ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அலுவலகம் இருக்கிறது; சம்பளப் புகாரை அங்கே கொண்டு போகலாம், விசா எதுவானாலும். 2025 ஜனவரி 1 முதல், வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது கூட்டரசுச் சட்டத்தில் குற்றவியல் குற்றமாகவும் ஆகியிருக்கிறது. இந்த இரண்டு தகவலையும் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு அரிசிக் கடை முகவரியோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, தெரிந்த பிறகு கொஞ்சம் இடம் மாறுவது. அந்த அக்கா சில மாதம் கழித்து இன்னோர் ஆசியக் கடையில் வேலை தேடிக்கொண்டார். அங்கே சம்பளச் சீட்டு உண்டு, ஓய்வுக்கால நிதியும் கட்டுகிறார்கள். அரிசி, எண்ணெய் விலை மட்டும் கொஞ்சம் கூடுதல். எங்கள் வீட்டில் நாலு பேரும் பேசி, பெரிய சாமான்களை அங்கே வாங்குவது என்று முடிவு செய்தோம். மாதம் ஏழெட்டு டாலர் அதிகமாகிறது, ஆளுக்கு இரண்டு டாலர். இது பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. ஒரு நண்பன் மட்டும், “எனக்கு இந்த மாசம் முடியாதுடா” என்றான். அவன் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. அவன் பங்கை நாங்கள் மூவரும் பிரித்துக்கொண்டோம். சக்திக்கு ஏற்ற கடமை என்று மேலே எழுதியது எங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தது.

மூன்றாவது, மிச்சம் பிடித்த காசு எதுக்கு என்று தெரிந்து வைத்திருப்பது. அப்பா அம்மாவுக்குச் சுமை குறைய மிச்சம் பிடிப்பது வேறு. புதுக் கைப்பேசிக்காக மிச்சம் பிடிப்பது வேறு. இரண்டுமே தப்பில்லை. ஆனால் இன்னொருவருக்குச் சேர வேண்டியதைக் குறைத்துத்தான் அந்தக் கைப்பேசி வருகிறது என்றால், அதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்.

நம் ஊரிலும்

இது வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டுமான கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. ஆகஸ்டிலிருந்து சின்ன முதலாளிகளுக்கும் அது பொருந்துகிறது. நம் தாமான் மளிகைக் கடையில் மூட்டை தூக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் அதே சட்டம்தான். அவருக்கு அது கிடைக்கிறதா? நாம் கேட்டிருக்கிறோமா? மெல்பர்னில் நம் அக்காவுக்குப் பதினாலு டாலர் என்று கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை அவருக்காகவும் எடுத்து வைப்பதுதான் முறை.

அதே மளிகைக் கடைக்காரர்தான், அப்பாவின் சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தவர் என்பதையும் பல வீடுகள் மறந்திருக்காது. பேரங்காடியில் எண்ணெய் இரண்டு வெள்ளி குறைவு என்பது உண்மைதான். அந்த இரண்டு வெள்ளி, பெரிய கடை மொத்தமாக வாங்குவதால் வந்த மிச்சம் என்றால் நல்லது, வாங்குங்கள். எதையும் அடியோடு விடச் சொல்லவில்லை. விலையைப் பார்க்கும் கண்ணால் அந்த விலைக்குப் பின்னால் நிற்கும் ஆளையும் ஒரு தடவை பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஆகவே அடுத்த ஆண்டு வரப்போகும் தம்பி தங்கைகளே, பெட்டியில் இடம் இருந்தால் அம்மா அரைத்த மிளகாய்த்தூள் ஒரு பொட்டலம் எடுத்து வாருங்கள். சுங்கப் படிவத்தில் மறக்காமல் எழுதிவிடுங்கள். மற்றதெல்லாம் இங்கே கிடைக்கும். எந்தக் கடையில் எது மலிவு என்று நான் சொல்கிறேன். அங்கே நிற்பவருக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டையும் தெரிந்துகொண்டு கூடையை எடுங்கள்.